காலிமுகத்திடலும் பொதுமக்களும்

கொழும்பு மாநகரின் மேற்கெல்லையில், கோட்டைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையே, காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் புற்றரையே காலிமுகத்திடல். அதன் இன்றைய பரப்பு ஏறத்தாழ 5 ஹெக்டயர். கடலோர நடைபாதையின் நீளம் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர். நகரின் சனத்தொகையை நோக்குமிடத்து இஃது ஒரு கையகல நிலமே. எனினும், வீட்டு முற்றம் என ஒன்றைக் காணாத ஆயிரக்கணக்கான கொழும்புக் குடும்பங்களுக்கு இதுவே முற்றமாக இருந்து வருகின்றது. கொம்பனித்தெருவின் ஒற்றையறை வீடுகளிலிருந்து வரும் தாய்மார், தோட்டப்புறங்களிலிருந்து கடை வேலைக்கு வந்த இளைஞர், முதன்முதலாகக் கடலைக் காணும் மலைநாட்டுச் சிறுவர், வடக்கிலிருந்து கல்விச் சுற்றுலா வரும் மாணவர் யாவரும் மாலை வேளையில் இத்திடலுக்கே வந்து சேருகின்றனர்.

இத்தகைய பொது இடங்களுக்குரிய வரலாறு பெரும்பாலும் தேசாதிபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யார் கட்டினார், யார் திறந்து வைத்தார், எவருடைய பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டது என்பனவே அவ்வரலாற்றின் எல்லை. அவ்விடத்தை நாள்தோறும் மிதித்து, பயன்படுத்தி, பறிபோகாமல் தடுத்து நின்றவர்கள் அதில் இடம்பெறுவதில்லை. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களாகிய நாமும் பீரங்கிகளைக் காட்டுகிறோம். பழைய பாராளுமன்றக் கட்டடத்தைக் காட்டுகிறோம். இறால்வடை வாங்கிக் கொடுத்துப் பேருந்தில் ஏற்றி விடுகிறோம். அந்தப் புல்லின் மீது நடந்தவை எவை என்பதைச் சொல்லாமலே திரும்பி விடுகிறோம்.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தருக்கு இவ்விடம் பீரங்கிக் குண்டுகள் தடையின்றிப் பாய்வதற்கான வெற்று வெளியாகவே இருந்தது. கோட்டையின் காலி நோக்கிய முகப்பு என்பதனால் இப்பெயர் வந்ததெனக் கூறுவர். 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். பகைவர் அச்சம் நீங்கியதும் போர்வெளி பொழுதுபோக்கு வெளியாயிற்று. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்திற் குதிரைப் பந்தயம் தொடங்கிற்று. கிரிக்கெட்டும் கோல்ஃபும் பின்னர் வந்தன. 1864இல் தென்கோடியில் ஹோட்டல் ஒன்று எழுந்தது. 1871இல் பந்தயம் பார்க்கும் மேடையருகே கொழும்புக் கழகம் தோன்றியது. ஐரோப்பியரல்லாதார் அக்கழகத்தில் உறுப்புரிமை பெற முடியாது. அக்காலத்தில் திடல் இன்றிருப்பதிலும் மிக அகன்று, பேரை வாவி வரை பரந்து கிடந்தது.

சேர் ஹென்றி வார்ட் என்னும் தேசாதிபதி 1856இல் கடலோர நடைபாதையைத் தொடங்கி 1859இல் நிறைவு செய்தார். அவர் நாட்டிய கல் இன்றும் அங்கே நிற்கின்றது. கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதி இந்நடைபாதையைத் தமக்குப் பின் பதவிக்கு வருவோரின் கவனத்துக்கு ஒப்புவிப்பதாக அதிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. நல்ல வாசகந்தான். ஆனால், அதிற் குறிக்கப்பட்ட சீமாட்டிகள் எவர் என்பதில் ஐயத்துக்கிடமில்லை. கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் வாழ்ந்த அதிகாரிகளினதும் வர்த்தகர்களினதும் மனைவியரே அவர்கள். குழந்தைகளின் வண்டியைத் தள்ளி வந்த ஆயாமாருக்கு நடைபாதை தொழில் செய்யும் இடமேயன்றி உலாவும் இடமன்று. திடலுக்குப் பின்னால், வாவியோரத்தில் இருந்த கொம்பனித்தெரு, ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்து வைத்த இடம். ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்ற பெயரே அதற்கு நெடுங்காலம் வழங்கிற்று. மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் அங்கே நெருங்கி வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளை நினைந்து அக்கல் நாட்டப்பட்டது எனக் கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஆயினும், சொற்களுக்கு ஓர் இயல்புண்டு. எழுதியவன் கருதாத பொருளையும் அவற்றிற் காண மக்களால் இயலும். வார்ட்டின் 'பின்வந்தோர்' தேசாதிபதிகளாக மாத்திரம் இருக்கவில்லை.

குதிரைப் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்த பின்னர், திடல் மெல்ல மெல்லப் பொதுமக்களின் கைக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பாதியில் அஃது அரசியல் மேடையாகவும் ஆயிற்று. அவ்வகையில் 1937 மே 5ஆந் திகதியை நாம் சிறப்பாக நினைவு கூர்தல் வேண்டும். மார்க் பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழில் பழக வந்தவர். மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் தமிழ்த் தொழிலாளர் நடத்தப்பட்ட முறையைக் கண்டு வெகுண்டு, வெள்ளைத் துரைமாரின் வரிசையை விட்டு வெளியேறி, 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியுடன் இணைந்தார். தொழிலாளர் கூட்டங்களிற் பேசினார். தோட்டத்துரைமார் கொதித்தெழுந்தனர், தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடு கடத்தும்படி கட்டளை பிறப்பித்தார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். பொலிசார் தேடிக்கொண்டிருக்கையில், காலிமுகத்திடலிற் கூடிய கூட்டத்தின் மேடையில் அவர் திடீரெனத் தோன்றினார். வந்திருந்தோர் ஐம்பதினாயிரம் பேர் என்பர். அத்தனை பேரின் நடுவே புகுந்து ஒருவரைக் கைது செய்யப் பொலிசாருக்குத் துணிவு வரவில்லை.

அம்மேடையில் நின்றவர்களின் வரிசை நம் கவனத்துக்குரியது. என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் லெஸ்லி குணவர்த்தனாவும் பேசினர். தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க பேசினார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா பேசினார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸை வழிநடத்திய ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகம் பேசினார். மலைநாட்டுத் தொழிலாளரிடையே பாடியும் பேசியும் விழிப்பூட்டிய மீனாட்சியம்மை நடேசையரும் பேசினார். வெள்ளைக்காரர் ஒருவருக்காக, தமிழ்த் தொழிலாளரின் துயரை முன்னிட்டு, சிங்களவரும் தமிழரும் ஒரே புற்றரையிற் கூடிய நாள் அது. சில நாட்களுள் உயர் நீதிமன்றம் அந்நாடு கடத்தற் கட்டளை செல்லாதெனத் தீர்த்தது. கொழும்பின் 'சீமாட்டிகள்' என்னும் சொல்லுக்குள் மீனாட்சியம்மையை வார்ட் துரை கற்பனை செய்திருப்பாரா என்பது வேடிக்கையான கேள்வியே.

1930 முதல் 1982 வரை சட்டசபையும் பின் பாராளுமன்றமும் திடலின் வடகோடியிலுள்ள கட்டடத்தில் இயங்கின. இதனால் திடலுக்கு ஒரு தனித்தன்மை வாய்த்தது. சட்டம் இயற்றுவோரின் செவிக்கெட்டும் தூரத்தில் மக்கள் கூடி நிற்கக் கூடிய வெளி வேறெங்கும் இருக்கவில்லை. 1953 ஜூலையில், கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, எதிர்ப்புக் கூட்டம் இங்கேதான் திரண்டது. அதைத் தொடர்ந்து ஓகஸ்ட் 12இல் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. புகையிரதங்கள் நின்றன, கடைகள் மூடின, மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. தமிழரசுக் கட்சியும் அந்த ஹர்த்தாலுக்கு ஆதரவளித்தது. ஒக்ரோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசி விலை என்னும் ஒன்று, மொழியையும் சமயத்தையும் ஊடறுத்து மக்களை இணைத்த அரிய வேளை அது.

மூன்று ஆண்டுகள் கழியவில்லை. 1956 ஜூன் 5ஆந் திகதி, சிங்களத்தை மாத்திரம் அரச கரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்ட அன்று, தமிழரசுக் கட்சியினர் சில நூறு பேர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் தலைமையில் அதே திடலில் சத்தியாக்கிரகம் இருக்க வந்தனர். கையில் ஆயுதமில்லை, உட்கார்ந்திருப்பதே அவர்தம் எதிர்ப்பு. காடையர் கூட்டம் அவர்கள் மேற் பாய்ந்தது. அடித்தனர், கல்லெறிந்தனர், சிலரைத் தூக்கிப் பேரை வாவியில் எறிந்தனர். அயலில் நின்ற பொலிசார் பார்த்துக் கொண்டிருந்தனர். மண்டை உடைந்த அ. அமிர்தலிங்கம் கட்டுப் போட்ட தலையுடன் சபைக்குள் நுழைந்தார். 1937இல் அத்திடலின் மேடையில் நின்று பேசிய பண்டாரநாயக்காவே அன்று பிரதம மந்திரி. பேச்சுரிமையைக் காக்கக் கூடிய அதே புல்லின் மீது, பேசாது உட்கார்ந்திருந்தவர்களின் இரத்தம் சிந்தியது.

இதனை இனப்பகையின் இயல்பான விளைவென எழுதிச் செல்வோர் உளர். அஃது எளிய விளக்கம், ஆனாற் சரியன்று. 1953இல் ஹர்த்தால் செய்த மக்கள் மூன்றாண்டுகளில் வேறு மக்களாகி விடவில்லை. அவர்களுக்கு வேலையும் சோறும் மறுத்த ஒழுங்கைச் சுட்டிக் காட்ட வேண்டிய அரசியல், அயலவனின் மொழியைச் சுட்டிக் காட்டிற்று. சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அம்மசோதாவை எதிர்த்து வாக்களித்தன என்பதை நன்றியுடன் பதிவு செய்தல் வேண்டும். ஒரு மொழியாயின் இரு நாடு என்னும் கருத்துப்பட கொல்வின் ஆர். டி சில்வா அன்று விடுத்த எச்சரிக்கையை நம் ஆசிரியர்கள் இன்றும் எடுத்துக் கூறுவர். ஆனால், அதே கட்சிகள் பத்தாண்டுகள் கழித்து, 1966 ஜனவரி 8இல், தமிழ் மொழிப் பிரயோகத்துக்கான விதிகளை எதிர்த்து ஊர்வலம் சென்றோருடன் நின்றன என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். கொள்ளுப்பிட்டியில் அவ்வூர்வலத்தின் மீது பொலிசார் சுட்டதில் பௌத்த பிக்கு ஒருவர் உயிரிழந்தார். காலிமுகத்திடலுக்கு வெகு அண்மையில் நிகழ்ந்த அவ்வீழ்ச்சியை மறைத்துவிட்டு இடதுசாரி வரலாற்றை நாம் எழுத முடியாது.

திடலின் வாழ்வு அரசியல் மட்டுமன்று. ஆண்டின் எஞ்சிய நாட்களில் அங்கே நிலவும் ஒழுங்கு எவராலும் எழுதப்படாதது. ஆயினும் பெரும்பாலும் மீறப்படாதது. நோன்புப் பெருநாட் காலையில் முஸ்லிம் மக்கள் திரண்டு வந்து தொழுவர். தொழுகை முடிந்ததும் அதே இடத்திற் பிள்ளைகள் ஓடி விளையாடுவர். காற்று வாய்த்த காலத்திற் பட்டங்கள் ஏறும். மாங்காய்த் துண்டுக்கு மிளகாய்த்தூளும் உப்பும் தடவிக் கொடுப்பவரும், இறால்வடைத் தட்டுகளை அடுக்கி வைத்திருப்பவரும், கடலை வறுப்பவரும் கடற்காற்று விளக்கை அணைக்காத வகையில் தத்தம் வண்டிகளை நிறுத்திக் கொள்வர். குடையொன்றை விரித்து அதன் மறைவில் அமர்ந்திருக்கும் காதலரை எவரும் உற்று நோக்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றிற் கடல் நடைபாதையின் மேல் ஏறி அடிக்கும்போது, உப்பு நீரில் நனைந்து சிரிப்பவர்களுள் இன்னார் இன்ன இனத்தவர் எனப் பிரித்தறிவது கடினம். நகரை 'அழகுபடுத்த' வரும் அதிகாரிகளின் கண்ணில் முதலிற் படும் குப்பை எப்போதும் இவ்வண்டிகளே. திடலை மாலை முழுவதும் விழித்துக் காப்போர் இவ்வண்டிக்காரரே என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை.

தாராளப் பொருளாதாரம் வேர்கொண்ட பின்னர், கடலை நோக்கிய நிலத்தின் விலை உயர்ந்தது. பொது நிலம் என்பது 'பயன்படுத்தப்படாத' நிலம் என்னும் புதிய அகராதி பிறந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபை, திடலைப் பெருங்கேளிக்கை நிலையமொன்றாக மாற்றி நிருவகிக்கும் பொறுப்பைத் தனியார் நிறுவனமொன்றுக்கு ஒப்பந்த மூலம் அளித்திருக்கிறது என்னும் செய்தி பத்திரிகையில் வெளிவந்தது. சுற்றாடல் பாதுகாப்பில் ஈடுபட்ட அமைப்பொன்று மிக எளிய ஒரு கேள்வியைக் கேட்டது: அவ்வொப்பந்தத்தின் பிரதியை எமக்குத் தாருங்கள். அதிகார சபை தர மறுத்தது. 2004இல் வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது.

2005 நவம்பரில் வெளிவந்த தீர்ப்பு இரு வகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வொப்பந்தம் சட்ட வலுவற்றது என நீதிமன்றம் கண்டது. அதனோடு, பொதுச் சொத்தைப் பற்றிய தகவலைக் கேட்டறியும் உரிமை பேச்சுரிமையில் அடங்கும் எனவும் ஏற்றுக்கொண்டது. தகவல் அறியும் உரிமைக்கெனத் தனிச்சட்டம் 2016இல் தான் நிறைவேறியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னரே, ஒரு புற்றரையின் பொருட்டு அவ்வுரிமை நிலைநாட்டப்பட்டது. அன்றியும், வார்ட் துரை செய்த அர்ப்பணத்தின் தொடர்ச்சியாகத் திடல் பொதுப் பயன்பாட்டுக்குரியதாகவே பேணப்படல் வேண்டும் எனவும் நீதிமன்றம் கூறிற்று. இதிலுள்ள முரணை நாம் மறுக்க வேண்டியதில்லை. சுதந்திரக் குடியரசொன்றின் குடிமக்கள் தம் நிலத்தைக் காக்க, சாம்ராச்சியத்தின் ஊழியர் ஒருவர் நட்ட கல்லைச் சான்றாகக் காட்ட வேண்டியிருந்தது. சுதந்திரத்தின் பின் வந்த எந்த அரசாங்கமும் அத்தகைய ஒரு வாக்குறுதியைத் தன் மக்களுக்குக் கல்லிற் பொறித்துக் கொடுக்கவில்லை போலும்!

தீர்ப்பு திடலைக் காத்தது. திடலின் அயலைக் காக்கவில்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திற் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதிக் குடியிருப்புகள் இராணுவத்தினரின் துணையுடன் இடிக்கப்பட்டன. ஏழைக் குடும்பங்கள் பல கடலிலிருந்து தொலைவிலுள்ள அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. திடலுக்கு எதிரே இராணுவத் தலைமையகம் இருந்த நிலம் வெளிநாட்டு ஹோட்டற் கம்பனிக்கு விற்கப்பட்டு, 2017இல் அங்கே வானளாவும் ஹோட்டல் திறக்கப்பட்டது. வடபுறத்திற் கடலையே தூர்த்துத் துறைமுக நகரம் எழுந்தது: 2014இல் தொடங்கி, இடையில் நிறுத்தப்பட்டு, 2019 தொடக்கத்தில் 269 ஹெக்டயர் புதுநிலம் உருவாயிற்று. ஐந்து ஹெக்டயர்த் திடலுக்குப் பக்கத்தில் ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட நிலம்! அதற்கான மணல் அள்ளப்பட்ட கடலை நம்பி வாழ்ந்த நீர்கொழும்பு மீனவரும் அவர்க்குத் துணை நின்ற குருமாரும் செய்த எதிர்ப்பு, திடலில் உலாவச் சென்ற நம்மிற் பலருடைய செவிக்கு எட்டவில்லை.

நகர அழகுக்கும் பாதுகாப்புக்கும் ஒருங்கே பொறுப்பாயிருந்த அவ்வமைச்சின் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ 2019இல் ஜனாதிபதியானார். 2021இல் இரசாயன உரத் தடை. 2022 தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்வெட்டு. 2022 ஏப்ரல் 9இல் காலிமுகத்திடலிற் கூடிய மக்கள் வீடு திரும்பவில்லை. முன்னாட் பாராளுமன்றமும் அந்நாள் ஜனாதிபதி செயலகமுமாகிய கட்டடத்தின் வாயிலிற் கூடாரங்கள் எழுந்தன. 'கோட்டா கோ கம' என அக்கூடார ஊருக்குப் பெயரிட்டனர். சமையற் கூடம் அமைந்தது. முதலுதவி நிலையமும் சட்ட உதவிக் கூடாரமும் நூலகமும் தோன்றின. மாலையில் விரிவுரைகள் நடந்தன. குப்பையை ஒதுக்கிக் கூட்டித் துப்புரவு செய்தவர்கள் இளைஞர்களே. நோன்பு துறக்கும் கஞ்சியை முஸ்லிமல்லாதோரும் அமர்ந்து அருந்தினர். தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தது. கல்லிற் கண்ட 'பெண்களும் குழந்தைகளும்' இம்முறை பார்வையாளராக அன்றி, ஊரின் குடிகளாகவே அங்கிருந்தனர்.

மே 18இல், 2009இல் முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைந்து அங்கே விளக்கேற்றப்பட்டது, கஞ்சி வழங்கப்பட்டது. 1956இல் தமிழர் அடியுண்ட நிலத்தில், 2009 ஜூனில் போர் வெற்றி அணிவகுப்பு நடந்த அதே இடத்தில், சிங்கள இளைஞர் சிலர் அக்கஞ்சியை ஏந்தி நின்றனர். இதை மிகைப்படுத்த வேண்டியதில்லை. வடக்குக் கிழக்கிற் பலர் அப்போராட்டத்தை ஒதுங்கி நின்றே நோக்கினர். தம் பிள்ளைகள் எங்கே எனத் தெருவோரத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்த தாய்மாருக்கு, எரிவாயு வரிசையில் விழித்தெழுந்த தெற்கின் கோபம் காலந் தாழ்ந்ததாகத் தோன்றியதில் வியப்பில்லை. எனினும், அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை அற்பமென ஒதுக்கவும் நம்மால் இயலாது.

மே 9இல் ஆளுங்கட்சியின் ஆதரவாளர் தடியுடன் வந்து கூடாரங்களைத் தகர்த்தனர். 1956 திரும்பியது போலிருந்தது. ஆனால் முடிவு வேறாயிற்று. நகரின் தொழிலாளரும் ஊழியரும் மாணவரும் திடலை நோக்கி விரைந்து வந்தனர். மகிந்த ராஜபக்ஷ அன்றே பிரதமர் பதவியைத் துறந்தார். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகை மக்கள் வசமாயிற்று. ஜூலை 14இல் கோட்டாபய அயல்நாட்டிலிருந்து பதவி விலகினார். புதிய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பதவியேற்ற மறுநாள், ஜூலை 22 விடியுமுன், படையினர் திடலிற் புகுந்து இளைஞரைத் தாக்கிக் கூடாரங்களைப் பிடுங்கினர். ஓகஸ்ட் 10இல் எஞ்சியோரும் வெளியேறினர். அதன்பின் அதிகாரிகளின் கவலையெல்லாம் புல் அழிந்துபோனது பற்றியதாகவே இருந்தது. புல் மீண்டும் முளைத்து விட்டது.

2023 பெப்ரவரி 4இல் 75ஆவது சுதந்திர தினப் படையணிவகுப்பு அங்கே தடையின்றி நடந்தது. அதே ஆண்டில், கூட்டங்களுக்கும் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கும் திடலை வழங்குவதைக் கட்டுப்படுத்தி, பொதுமக்களின் ஓய்வுக்கென ஒதுக்கி வைக்க அமைச்சரவை முற்பட்டது. ஓய்வு என்பது வாய் பேசாதிருத்தல் எனக் கொண்டனர் போலும். 2024இல் அவ்வரசாங்கம் தேர்தலில் தோற்றது. அநுர குமார திசாநாயக்கா ஜனாதிபதியானார். 2025 மே 1இல் ஆளுங்கட்சியாகிய தேசிய மக்கள் சக்தி தன் மேதின மாபெருங் கூட்டத்தைக் காலிமுகத்திடலில் நடத்தியது. தொழிலாளர் நாளுக்கு அத்திடல் திரும்பக் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், ஆளுவோருக்குக் கிடைத்த அவ்விடம், சம்பள உயர்வு கேட்கும் தோட்டத் தொழிலாளருக்கும், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கும், மண்டபம் வாடகைக்கு எடுக்க வசதியற்ற சிறு தொழிற்சங்கத்துக்கும் அதே இலகுவிற் கிடைக்குமா என்பதை, அவர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் நாளில் அறியலாம்.